கீரனூருக்கு எங்களோடு வந்த ஓஸ் பைப்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் முதல் பாராவிலேயே விமானம் கிளம்பிவிடும். எங்கள் வேன் திண்டுக்கல் பேகம்பூரை விட்டுக் கிளம்புவதற்குள் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்த இட்லி காலியாகிவிட்டது. காரணம், முருகேசன் அண்ணனின் ஓஸ் பைப்புக்கு வேனில் இடம் கிடைக்கவில்லை.

திண்டுக்கல்லும் கீரனூரும் ஒரே மாவட்டம்தான். ஆனாலும் பழனிப் பக்கம் போனால் பேச்சு வேறு, குழம்பு வேறு, மண்ணும் வேறு. இதில் முதல் இரண்டையும் வேனில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போன நாங்கள் மூன்றாவதை மட்டும் மறந்துவிட்டோம். அதன் பலனை இன்றைக்கு அனுபவிக்கிறவள் என் மகள் ரிஸ்வானா.

ரிஸ்வானா பத்தாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஹாக்கி அணியில் ஃபார்வர்ட். பந்து அவள் ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டே வரும் என்பார் அவளுடைய பி.டி. டீச்சர் ஸ்டெல்லா. பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிகிறது. அடுத்து அவள் சேரப்போகும் மேல்நிலைப் பள்ளியில் ஹாக்கி கிடையாது. அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. கிடைக்காவிட்டால் ஸ்டிக்கைப் பரணில் போட வேண்டியதுதான். அடுத்த வருடம் முயற்சி செய்யலாம் என்றால் வயது தாண்டிவிடும். கீரனூர்ப் போட்டியைப் பார்க்க விடுதிக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர் வரப்போகிறார் என்று டீச்சர் சொன்ன அன்றிலிருந்து என் வீட்டில் வேறு பேச்சில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் என் கணவர், ரிஸ்வானாவின் அத்தா, வாழ்க்கையில் முதல் முறையாக ஹாக்கியில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று கேட்டார்.

இப்போது எங்களைப் பற்றி. நாங்கள் 'பெற்றோர் குழு'. பெயின்ட் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே ஆகிவிட்டார். எங்கள் எல்லோருக்கும் ஊதா நிற டீ-சர்ட் அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் 'பிள்ளைகளுக்காக நாங்கள்' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதுகில் அவர் கடைப் பெயர் முக்கால் முதுகுக்கு இருக்கும். நான் டிபன் கடை நடத்துகிறவள் என்பதால் சமையல் என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓஸ் பைப்பின் கதை இது. எங்கள் ஊர் மைதானம் செம்மண் சரளை. பிள்ளைகள் ஓடினால் புழுதி கிளம்பி மூக்கு வாயெல்லாம் சிவந்துவிடும். அதனால் மேட்ச் நாளில் விடிவதற்கு முன்னால் பெற்றோர் போய்த் தண்ணீர் தெளிப்போம். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு குடம் கொண்டுவந்து மைதானத்தில் தெளிப்பது என்றால் சும்மா இல்லை. எனக்கே அதில் பெருமை இருந்தது. சரளை தண்ணீரைக் குடித்துவிட்டு இறுகிக்கொள்ளும். பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கள் பிள்ளைகளின் ஆட்டமே அந்தத் தரையில் உருவானதுதான். பிறகு முருகேசன் அண்ணன் லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்து, நீளமான பச்சை ஓஸ் ஒன்று வாங்கினார். அன்று முதல் குடம் போய் ஓஸ் வந்தது. அணி எங்கே போனாலும் ஓஸும் போனது.

வேனில் அந்த ஓஸ் சுருளைக் கடைசி சீட்டில் வைத்தார்கள். கடைசி சீட்டில் உட்கார வேண்டிய நான் பிரியாணி அண்டாவுக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் பின் டயர் பஞ்சர். டிரைவர் இறங்கி சீட்டுக்கு அடியில் தேடினார். ஜாக்கியைக் காணோம். ஓஸுக்கு இடம் போதவில்லை என்று அதைக் கழற்றிப் பள்ளிக்கூட வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு வந்திருந்தார் முருகேசன் அண்ணன்.

"ஒரு நாளும் பஞ்சர் ஆகாத வண்டி, இன்னைக்குனு பாத்து ஆகுது பாரு தங்கச்சி" என்றார் என்னிடம், தப்பு டயருடையது என்பதுபோல.

முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் ஜாக்கி கொடுத்து உதவினார். ரோட்டோரம் கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மா பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கூடையோடு வந்தார். "ஏனுங்க, இத்தன புள்ளைகளும் பேட்டு வெச்சிருக்குதுங்களே, என்ன ஆட்டமுங்க?" என்றார். ஹாக்கி என்றோம். "எந்த ஆட்டமா இருந்தா என்னங்க, பசிக்குமல்ல" என்று கை நிறையக் கொய்யா எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் பேரம் பேசித்தான் கொய்யா வாங்க முடியும். இங்கே பேச்சிலேயே ஒரு பழம் கொசுறாக வந்தது. வேன் கிளம்பியதும் முருகேசன் அண்ணன் அந்த 'ங்க'வை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் தங்கினோம். போய் இறங்கியதும் பிள்ளைகள் மைதானத்தைப் பார்க்க ஓடவில்லை. மோட்டார் ரூம் பக்கம் இருந்த சிமென்ட் தொட்டியைப் பார்த்து ஓடினார்கள். போர் மோட்டாரைப் போட்டால் கை பருமனுக்குத் தண்ணீர் கொட்டுகிறது! நிறுத்த ஆளில்லாமல் கொட்டுகிறது. எங்கள் பிள்ளைகள் ஜெர்சியோடு இறங்கிக் குளித்தார்கள். நான் எல்லோருடைய துணியையும் வாங்கித் துவைத்தேன். ஒரு சட்டையை மூன்று தண்ணீரில் அலசும் சுகத்தை எத்தனை வருடம் கழித்து அனுபவித்தேனோ தெரியவில்லை. முருகேசன் அண்ணன் தொட்டி ஓரமாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அர்த்தத்தை நான்தான் கவனிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சார்பாக எங்களைக் கவனித்துக்கொண்டவர் பழனியம்மாள் அக்கா. கணவரோடு வெங்காயம் போடுகிற சம்சாரி வீடு. அவர் மகள் கௌசல்யா அந்த ஊர் அணியில் பின்னால் நின்று தடுக்கிறவள், நல்ல உயரம். முதல் ராத்திரிச் சாப்பாடு அவர்களுடையது: அரிசிம்பருப்பு சாதம், மேலே ஊற்ற நெய், கட்டித் தயிர். எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பிள்ளைகள் தட்டைப் பார்த்து முழித்தார்கள். காரம் எங்கே என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். மறுநாளிலிருந்து எங்கள் சமையலை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று முருகேசன் அண்ணன் அறிவித்தார். பழனியம்மாள் அக்கா முகம் சுளிக்கவில்லை. விறகும் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து போட்டார். என்னோடு உட்கார்ந்து உரித்தும் கொடுத்தார்.

"உங்க புள்ள பந்தோட போனா பாக்கறதுக்கே நல்லா இருக்குதுங்க" என்றார் மறுநாள் மத்தியானம். அன்று காலையில்தான் கால் இறுதியில் ரிஸ்வானா இரண்டு கோல் போட்டிருந்தாள். மைதானம் சாம்பல் நிற மண், தட்டைபோல மட்டம், புழுதியே இல்லை. கூட்டம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. "அந்த ஒல்லிப் புள்ள யாருங்க?" என்று யாரோ கேட்டதை நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு காதாரக் கேட்டேன். அன்று சாம்பாரில் உப்பு போட்டேனா என்பதே நினைவில்லை, யாரும் குறையும் சொல்லவில்லை.

அரை இறுதி மறுநாள் காலை, கீரனூர் அணியோடு. தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு மத்தியானமே உடுமலைக்குப் போய்விடுவார் என்று ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். ரிஸ்வானா சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இதே மாதிரி ஆடுனா போதும்மா. டீச்சரே சொல்லிட்டாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் பழனியம்மாள் அக்கா நேராக முருகேசன் அண்ணனிடம் வந்தார். நானும் டீச்சரும் பக்கத்தில்தான் இருந்தோம்.

"ஏனுங்ண்ணா, உங்கூர்ல ஆட்டத்துக்கு முன்னால தண்ணி விடுவீங்கன்னு புள்ளைக சொல்லுச்சுங்க. இங்க விட்றாதீங்க. போன கோடைல கொளத்துல அள்ளுன வண்டலக் கொட்டி நெரவுனதுங்க இது. நனஞ்சா வழுக்குமுங்க. தையிப் பனில காயறதுக்கும் நாளாகுமுங்க."

"செரிங்க செரிங்க" என்று அவரைப் போலவே பேசி அனுப்பிவைத்தார் முருகேசன் அண்ணன். அவர் தலை மறைந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தங்கச்சி, எம்புட்டு மருவாதியா பேசுது! தண்ணி விட்ட தரையில நம்ம புள்ளைக பின்னி எடுத்துருவாளுகன்னு தெரிஞ்சு போச்சு. அதான் ஓடியாந்து சொல்லுது."

"அண்ணே, அவுக மண்ணு அவுகளுக்குத் தெரியாதா? இன்னைக்கு நல்லாத்தான ஆடுனாளுக, சும்மா விடுங்க" என்றேன்.

"வேணாம் சார். இந்தத் தரையே போதும்" என்றார் டீச்சரும்.

"நீங்க ஆட்டத்தப் பாருங்க டீச்சர். தங்கச்சி, நீ சோத்தப் பாரு. கிரவுண்ட நாங்க பாத்துக்கிறோம். யாரு இப்ப தண்ணி விடப் போறா?" என்றார். விடமாட்டார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவன் உண்மை சொன்னால் அதட்டித்தான் சொல்வான். இனிக்கப் பேசினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு அடுத்த ஊரை அளந்தார் அவர். வழியில் கொய்யா கொடுத்த அம்மாவிடம் என்ன உள்நோக்கம் இருந்தது என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம்.

மறுநாள் விடியும் நேரம். வெண்பொங்கலுக்கு உலை வைத்துவிட்டு மிளகு பொரித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் பனிக்குள் ஊதா டீ-சர்ட்டுகள் நடமாடுகின்றன. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தெளித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரில் குடத்தை எண்ணித் தெளித்த கைகள், கேட்பாரில்லாத தண்ணீரைக் கண்டதும் நிதானம் இழந்துவிட்டன. கோலில் இருந்து கோல் வரைக்கும் நெல் வயல் மாதிரி பாய்ச்சியிருந்தார்கள். நடுவில் முருகேசன் அண்ணன் ஓஸைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். செருப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது.

"நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினேன். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக?"

"வெயில் வந்தா இறுகிரும்" என்றார். குரலில் உறுதி இல்லை. அவர் செருப்பையும் காணோம்.

வெயில் வரவில்லை. பனிதான் இருந்தது. நான் திரும்பி வந்தபோது பொங்கல் அடிப்பிடித்திருந்தது. குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்திருந்தது, கீழே 'பிள்ளைகளுக்காக உறக்கம் துறந்தோம்' என்று எழுதி, மூன்று கும்பிடு.

கீரனூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், தேர்வாளர் அதுவரை இருக்க முடியாது என்றார். உடனே இரண்டு பேர் மில்லுக்குப் போய் மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்தார்கள். பழனியம்மாள் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கோலுக்கு முன்னாலும் மரத்தூளை இறைத்தார். நாங்கள் தண்ணீர் விட்ட மைதானத்தை அவர்கள் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் ஒரு கூடையை வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. முதல் பந்து ரிஸ்வானாவுக்கு வந்தது. வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினாள். அவள் முன்னால் ஓடினாள், பந்து பின்னாலேயே சேற்றில் உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்து எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்தாள். கூட்டம் சிரித்தது. அந்த மண்ணில் மழைக்காலத்திலும் ஆடிப் பழகிய கீரனூர்ப் பிள்ளைகள், பந்தைத் தரையில் தள்ளாமல் ஸ்டிக்கால் அள்ளித் தூக்கிப் போட்டார்கள். கௌசல்யா தூக்கிப் போட்ட பந்து பாதி மைதானம் தாண்டிப் போய் விழுந்தது. தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரிஸ்வானா ஒவ்வொரு முறை எழுந்தபோதும் எங்கள் பக்கம் பார்க்காமல் எழுந்தாள்.

இடைவேளையில் முருகேசன் அண்ணன் செய்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தேர்வாளரிடம் போய், "சார், ராத்திரியோட ராத்திரியா இவிங்க தண்ணியத் தொறந்துவிட்டுட்டாய்ங்க சார், நம்ம புள்ளைக ஆடக் கூடாதுன்னு" என்றார். அதற்குள் வாட்ஸ்அப்பில் போட்டோ இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று இருந்தது.

மரத்தூள் கூடையோடு பழனியம்மாள் அக்கா இரண்டடி தூரத்தில் நின்றார். நான் தேர்வாளர் முன்னால் போய் நின்றேன்.

"பொய் சார்" என்றேன். "தண்ணி விட்டது நாங்க. இந்தா, இந்தச் சட்டை போட்ட நாங்கதான். அவுக வேணாம்னு வந்து சொல்லியும் விட்டோம். எம்புள்ள இப்படி ஆடுறவ இல்ல சார். நேத்து ஆடுனத யாரையாச்சும் கேளுங்க."

"ஏன் தங்கச்சி, சொந்த ஊர விட்டுக் குடுக்குற?" என்று என் காதருகே சீறினார் முருகேசன் அண்ணன்.

தேர்வாளர் நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார். "கால்ல வேகம் இருக்கும்மா, அது தெரியுது. பந்தோட எப்படின்னு பாக்க முடியலையே. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க, கண்டிப்பா பாக்குறேன்."

"அடுத்த வருசம் வயசு தாண்டிரும் சார்."

"அப்ப நான் ஒண்ணும் செய்றதுக்கில்லம்மா" என்றார்.

நாங்கள் தோற்றோம். கௌசல்யாவை விடுதிக்கு எடுத்தார்கள். எடுக்க வேண்டிய பிள்ளைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் சாமான் ஏற்றும்போது பழனியம்மாள் அக்கா ஒரு தூக்குப் போணியோடு வந்தார். தயிர் சாதம். மகளுக்கு இடம் கிடைத்த அன்று ஒரு தாய் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும், நான் பல நாள் மனதுக்குள் சிரித்துப் பார்த்த சிரிப்பு அது. அதை எனக்காக அடக்கிக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"எதுக்கு அக்கா? நீங்கதான் சொன்னீகளே" என்றேன். தூக்குப் போணியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

திரும்பும் வழியில் யாரும் பேச்சைக் கேலி செய்யவில்லை. ஸ்டெல்லா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். முருகேசன் அண்ணன் மட்டும் முன் சீட்டில் இருந்து அடுத்த போட்டிக்கு ஓஸ் போதாது, ஒரு சின்ன மோட்டாரும் வாங்கிவிட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பெண் இன்னும் எட்டாவதுதான், அவருக்கு இன்னும் நிறையப் போட்டி பாக்கி இருக்கிறது. வண்டல் அப்பிய ஓஸ் கடைசி சீட்டில் சொகுசாகப் படுத்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது குழாயில் தண்ணீர் வரும் நாள் இன்னும் வந்திருக்கவில்லை. அவள் அத்தா வாசலிலேயே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு சாமானை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இருந்த அரை வாளித் தண்ணீரில் ரிஸ்வானாவின் ஜெர்சியை முக்கிக் கசக்கினேன். வண்டல் விடவில்லை. தண்ணீர் கறுத்ததுதான் மிச்சம். மாற்றி ஊற்ற வேறு தண்ணீர் இல்லை.

ரிஸ்வானா வந்து பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். என் மேல் இன்னும் அந்த ஊதா டீ-சர்ட் இருந்தது.

"அம்மா, அடுத்த மேட்சுக்கு நீங்க யாரும் வராதீகன்னு சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "இனிமே சொல்ல வேண்டியதில்லேல்ல."